பதினெட்டு எழுத்து இடம்

அந்தப் பெயர் திரையில் நான்கு நொடி இருக்கும். கீழிருந்து ஏறி வரும், நடுவுக்கு வரும்போது தெளிவாகப் படிக்கலாம், பிறகு மேலே போய் மறைந்துவிடும். அதற்கு முன்னால் ஒரு பிரெஞ்சுப் பெயர், பின்னால் ஒரு போர்ச்சுகீசியப் பெயர். இடையில் பதினைந்து ஆங்கில எழுத்துகளில் நீளமான ஒரு தமிழ்ப் பெயர், ஓர் இடைவெளி, வாலில் ஒற்றை எழுத்து, ஒரு புள்ளி. எண்ணினால் சரியாகப் பதினெட்டு. அந்தப் பெயர் ஓடும் வீடியோ கேம் வட்டு இன்னும், மான்ட்ரியலை ஒட்டிய லவாலில் என் வீட்டில், குளிர்காலக் கையுறைகள் போட்டு வைக்கும் இழுப்பறையில் கிடக்கிறது. உறையின்மேல், தோளில் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஒரு குட்டித் தீயணைப்பு வீரன். அந்த வட்டைப் போட்டு விளையாடும் இயந்திரம் பழுதாகி வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் தூக்கிப் போட மனம் வரவில்லை. அந்தப் பதினெட்டு எழுத்தில் நடந்த தப்பு முழுக்க என்னுடையது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. சென்னையிலிருந்து படிக்க வந்து, படிப்பு முடிந்து, மான்ட்ரியல் டவுன்டவுனில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. ஜப்பானின் பெரிய வீடியோ கேம் கம்பெனி ஒன்று, தன் விளையாட்டுகளை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வெளியிடும் முன் எங்களிடம் அனுப்பிச் சோதிக்கும். நாற்பது பேர் நாள் முழுக்க விளையாடுவோம். ஊரில் சொன்னால் பொறாமைப்பட்டார்கள். ஒரே பொம்மையை ஒரே சுவரில் நானூறு முறை மோதவிட்டு, நானூற்று ஒன்றாவது முறை அது சுவருக்குள் புகுந்துவிடுகிறதா என்று பார்ப்பதுதான் வேலை என்பது அவர்களுக்குத் தெரியாது. மற்றவர்கள் எழுதும் பிழை அறிக்கைகளைச் சரிபார்த்து ஜப்பானுக்கு அனுப்புவது என் பொறுப்பு. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன்.

எதிர் மேசையில் அண்ணை இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கிளிநொச்சிப் பக்கத்து ஆள். எங்களோடு வேலை பார்த்த இரண்டு இலங்கைத் தமிழ்ப் பையன்கள் அவரை அண்ணை என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிட்டேன். அதைக் கேட்டுக் கேட்டு பிரெஞ்சுக்காரர்கள் அதுதான் அவர் பெயர் என்று முடிவு கட்டிவிட்டார்கள். காலையில் மேலாளரே "போன்ஜூர், அன்னே" என்பார். அவர் ஒருநாளும் திருத்தியதில்லை. "எனக்கென்ன குறை தங்கச்சி? மொன்றியல் முழுக்க எனக்குத் தம்பிமார்" என்று சிரிப்பார். இந்த வேலைக்கு வரும் முன் ஒன்பது வருடம் ஓட்டல் சமையலறையில் கோப்பை கழுவியவர். சலிப்பு என்ற சொல் அவருக்குத் தெரியாது. எங்களில் யாருக்கும் அகப்படாத பிழைகள் அவருக்கு மட்டும் அகப்பட்டதற்கு அந்த ஒன்பது வருடம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஊருக்கு, தன் அப்பாவுக்குப் போன் பண்ணுவார். திங்கட்கிழமை காலை அந்த உரையாடல் எனக்கு ஒலிபரப்பாகும். அப்பா ஊரில் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சங்கக்கடை என்றால் எங்கள் ஊர்ப் பக்கத்துக் கூட்டுறவுப் பண்டகசாலை மாதிரி. முப்பது வருடம் தராசுக்குப் பக்கத்தில் நின்ற மனிதர். "எழுத்தில இல்லாதது கடையில இல்லை" என்பது அவருடைய வேதவாக்கு. பதிவேட்டில் இல்லாத ஒரு மூட்டை சீனி கண்முன்னால் இருந்தாலும், அது இல்லை என்றே சொல்வாராம். அவருக்கு மகனுடைய வேலை விளங்கவே இல்லை. "நான் விளையாடுறன் அப்பா எண்டு சொன்னால், அது எனக்குத் தெரியும், வேலை என்னெண்டு சொல்லு எண்டு கேக்கிறார்" என்று அண்ணை சொல்லும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் வாரா வாரம் அந்தக் கேள்வி வந்ததும், வாரா வாரம் அவர் அதை எங்களிடம் கொண்டு வந்து கொட்டியதும் சும்மா இல்லை என்று இப்போது புரிகிறது.

எங்கள் தாழ்வாரத்தில் அந்த ஜப்பான் கம்பெனியின் வரலாறு சட்டம் போட்ட படங்களாக வரிசையாகத் தொங்கியது. முதல் படத்தில் ஓர் எடை பார்க்கும் இயந்திரம். ஸ்தாபகர் ஊர்ப் பொதுக் குளியல் கூடங்களில் எடை இயந்திரம் பழுது பார்த்தவராம். சும்மா எடை காட்டினால் யார் காசு போடுவார்கள் என்று யோசித்து, எடையோடு ஒரு குறிச்சீட்டும் விழுகிற மாதிரி செய்தார். சென்ட்ரல் ஸ்டேஷனில் காசு போட்டு எடைச் சீட்டும் அதிர்ஷ்டமும் வாங்கிய எனக்கு அந்த மனிதர் உடனே நெருக்கமாகிவிட்டார். அடுத்த படங்களில், துணிக்கடை மொட்டை மாடியில் குழந்தைகள் ஏறி ஆடும் மரக்குதிரை, காசு போட்டுச் சுடும் துப்பாக்கி, தேநீர்க் கடைகளில் வைத்த திரைப் பெட்டி, கடைசியாக வீட்டுத் தொலைக்காட்சியில் பூட்டி விளையாடும் பெட்டியும், வட்டு உறையில் ஓடும் அந்த ஏணிக்காரனும். ஏணிக்காரன் வந்த பிறகு கம்பெனி வளர்ந்த வளர்ச்சி உலகத்துக்கே தெரியும். அண்ணை மட்டும் தினமும் முதல் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பார். "எங்கட அப்பாவும் தராசுக்காரன்தான். அவர் ஏன் இப்பிடி யோசிக்கேல்லை?" என்று கேட்டுவிட்டுப் போவார். ஏணிக்காரன் படத்துக்கு அடுத்து, சுவரில் ஓர் ஆணி மட்டும் வெறுமனே இருந்தது. அதில் என்ன இருந்தது என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அந்த இலையுதிர்காலத்தில் கம்பெனியின் ஆண்டு விழாவுக்காகப் பழைய விளையாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே வட்டில் சேர்த்து அனுப்பினார்கள். ஏணிக்காரன் அண்ணையிடம் வந்தான். மூன்று வாரம் அதையே விளையாடி அவர் ஒரு பிழை பிடித்தார். ஏழாவது கட்டடத்தில் புகைபோக்கிக்குப் பக்கத்தில், யாரும் வைக்காத கோணத்தில் ஏணியை வைத்து ஏறினால், ஏணிக்காரன் திரைக்கு மேலே போய்விடுகிறான். கண்ணுக்குத் தெரியாத கூரையில் இருபது அடி நடந்தால் மறுபடி தெரிகிறான். அங்கே செங்கற்கள் முறையில்லாமல் கலைந்து கிடக்கின்றன. அவர் அறிக்கை எழுதினார், நான் சரிபார்த்து அனுப்பினேன். மறுநாள் ஜப்பானிலிருந்து ஒரே சொல்லில் பதில் வந்தது. ஷியோ.

அந்தச் சொல் எங்களுக்குப் பழக்கம்தான். ஜப்பான்காரர்கள் பிழையைத் திருத்தினால் 'திருத்தியாயிற்று' என்று எழுதுவார்கள். திருத்த மாட்டோம் என்றால் 'ஷியோ'. அதாவது, இது பிழை இல்லை, அப்படித்தான் செய்திருக்கிறோம். கையில் அடிபட்டவன் சொல்வது ஐயோ, அடித்தவன் சொல்வது ஷியோ என்று அண்ணை ஏற்கெனவே விளக்கம் கொடுத்திருந்தார். ஆனால் அன்று அவருக்கு விளையாட்டாக இல்லை. "மூண்டு கிழமை தங்கச்சி. கலைஞ்சு கிடக்கிற கல்லை ஆராவது வேணுமெண்டு செய்வாங்களோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களுக்கும் ஜப்பானுக்கும் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார், ஐம்பது வயது ஜப்பானியப் பெண்மணி. நான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து திரையைக் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மூடிச் சிரித்தார். அது கலைந்து கிடக்கும் கல் இல்லை, இரண்டு ஜப்பானிய எழுத்துகள், ஒரு மனிதனின் பெயர் என்றார்.

அவர் சொன்ன கதை இது. அந்தக் காலத்தில் கம்பெனி எந்த விளையாட்டிலும் யார் பெயரையும் போடாது. பெயர் வெளியே தெரிந்தால் போட்டிக் கம்பெனிக்காரன் ஆளைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான் என்று பயம். ஏணிக்காரனைச் செய்தவர் யாருக்கும் தெரியாமல் தன் பெயரைக் கூரைமேல் செங்கல்லாக அடுக்கிவிட்டார். விற்பனைக்குப் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவரைக் கிடங்கில் பெட்டி அடுக்கும் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். பிறகு கம்பெனிக்குக் கெட்ட காலம் வந்தது. பெரும் செலவில் செய்த ஓர் இயந்திரத்தை யாரும் வாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து எந்த ஊரிலோ ஒரு குழந்தை கூரைக்குப் போகும் வழியைக் கண்டுபிடித்துப் பத்திரிகைக்கு எழுத, பழைய ஏணிக்காரன் மறுபடி விற்றுத் தீர்ந்து, அதில்தான் கம்பெனி பிழைத்தது. முதலாளியே கிடங்குக்குப் போய் அந்த மனிதரைக் கூட்டி வந்தாராம். அன்றிலிருந்து விளையாட்டில் கை வைத்தவர் எல்லாருடைய பெயரும், பெட்டி கட்டியவர் வரை, கடைசியில் வர வேண்டும் என்று சட்டம். தாழ்வாரத்து வெற்று ஆணியில் மாட்ட அவருடைய படத்தைக் கேட்டபோது அவர் கொடுக்கவில்லையாம். என் பெயர்தான் கூரையில் இருக்கிறதே, போதாதா என்று கேட்டாராம். இதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சொல்லிச் சொல்லி மெருகேறியது என்று எனக்குத் தெரியாது. ஆனால் சட்டம் உண்மை.

அண்ணை அந்தச் செங்கற்களை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கேட்டார், "அப்ப எங்கட பேரும் வருமோ?" வரும் என்றார் மொழிபெயர்ப்பாளர். அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணை அப்பாவிடம் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை முகமெல்லாம் சிரிப்பு. "எழுத்தில வருதோ எண்டு கேட்டவர். ஓம் எண்டன். அப்ப படம் எடுத்து அனுப்பு, பாப்பம் எண்டவர்." மகனுடைய வேலை என்னவென்றே விளங்காமல் இருந்த தகப்பன் முதல்முறையாக அத்தாட்சி கேட்டிருக்கிறார். ஒன்பது வருடக் கோப்பை கழுவலுக்கும், நானூறு தடவை முட்டிய சுவர்களுக்கும் சேர்த்து ஒரே வரி. அதை எழுதி அனுப்பும் வேலை என்னிடம் வந்தது.

ஜப்பானிலிருந்து வந்த படிவத்தில் இரண்டு கட்டங்கள். முதல் பெயர், குடும்பப் பெயர். ஒரு வரியில் பதினெட்டு எழுத்துக்குத்தான் இடம், நீண்டால் குடும்பப் பெயரை முதலெழுத்தாகச் சுருக்கு என்று குறிப்பு. எல்லாரிடமும் நேரில் கேட்டு எழுது என்று மேலாளர் சொல்லியிருந்தார். மற்ற முப்பத்தெட்டுப் பேரிடமும் கேட்டேன். அண்ணையிடம் கேட்கவில்லை. தமிழ்ப் பெயர்தானே, எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. அவர் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்து எழுதிவிட்டேன். அட்டையில் முதலில் ஒரு நீளப் பெயர், இரண்டாவதாக இன்னொரு பெயர். கனடா அட்டைகளில் முதலில் இருப்பது சொந்தப் பெயர், இரண்டாவது குடும்பப் பெயர். எனவே முதலாவதை முழுதாக எழுதி, இரண்டாவதை ஓர் எழுத்தாக வெட்டினேன். இலங்கைத் தாள்களில் அப்பா பெயர் முன்னால் வரும், பிள்ளை பெயர் பின்னால் வரும் என்பது என் மண்டையில் உறைக்கவில்லை. இத்தனைக்கும் ஆஸ்பத்திரிகளில் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னையே உள்ளே கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தடவையும் எரிச்சலோடு எழுந்து போனவள் நான்.

வசந்தத்தில் விற்பனை வட்டுகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. பட்டியலை ஜப்பானில் கடைசியாகச் சேர்த்திருந்ததால் எங்களில் யாரும் அதுவரை அதைப் பார்த்ததில்லை. குடும்பத்தைக் கூட்டி வரலாம் என்று அன்று மதியம் அனுமதி கொடுத்தார்கள். அண்ணை எட்டு வயது மகளைக் கூட்டி வந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் பிரெஞ்சில் பீற்றிவிட்டு வந்தவள். பெரிய திரையில் பெயர்கள் ஏறத் தொடங்கின. ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். அண்ணை பழைய கேமரா ஒன்றைக் கண்ணில் வைத்துக்கொண்டு நின்றார். அந்த வரி வந்தது. சொடுக்கும் சத்தம் கேட்டது. மகள்தான் முதலில் பேசினாள்.

"அது அப்பா இல்லை. அது அப்பப்பா."

அறையில் தமிழ் தெரிந்த எங்கள் நாலு பேருக்கும் அது ஒரே நேரத்தில் விளங்கியது. நம் வழக்கத்தில் அப்பா ஓர் எழுத்தாக முன்னால் நிற்பார், பிள்ளை முழுப் பெயரோடு வரும். இங்கே அண்ணையின் அப்பா முழுசாக வந்துவிட்டார், பிள்ளைதான் இனிஷியல். "நீங்க எங்க?" என்று மகள் கேட்டாள். அண்ணை குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில், ஆனால் எங்களுக்கும் கேட்கும்படி சொன்னார், "அந்தா, கடைசியில நிண்டனான். புள்ளிக்குப் பக்கத்தில. நீ பாக்கேல்லையோ?" அதற்குள் போர்ச்சுகீசியப் பெயரும் மேலே போயிருந்தது.

அன்று மாலை மெட்ரோ நடைமேடையில் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.  அவர், "ஷியோ எண்டு சொல்லி மூடிப்போடு தங்கச்சி" என்றார். அடுத்த சில மாதங்கள் என்னைக் கேலி பண்ணியே தீர்த்தார். மின்னஞ்சலில் ஒற்றை எழுத்தோடு கையெழுத்துப் போடுவார். குளிர்பெட்டியில் வைக்கும் சாப்பாட்டு டப்பாவில் அதே எழுத்தும் ஒரு புள்ளியும். நானும் சிரித்துச் சிரித்து என் குற்றத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டிருந்தேன். ஒருநாள் அந்தப் படம் அப்பாவுக்குக் கிடைத்ததா என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

கிடைத்திருந்தது. "ஏன்ரா என்ர பேரைப் போட்டனி எண்டு கேட்டவர். நான் உந்த வேலை செய்யேல்லை, செய்யாத வேலைக்கு என்ர பேர் எழுத்தில வரக்கூடாது. திருத்திப்போட்டு அனுப்பு, பேந்து பாப்பம் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டார்." அவர் அதைச் சொன்னபோது கேலி இல்லை. முப்பது வருடம் ஒரு பொய்ப் பதிவு போடாத மனிதர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? மகனுடைய வேலைக்கு இருந்த ஒரே அத்தாட்சியை நான் செல்லாததாக்கிவிட்டேன். வட்டில் அச்சானதை அந்தக் காலத்தில் திருத்த வழி இல்லை. "அடுத்த பதிப்பு வந்தா கண்டிப்பா மாத்திடறேன் அண்ணை" என்றேன். "ஓம் ஓம், பேந்து பாப்பம்" என்றார், அப்பாவின் குரலிலேயே.

பிறகு போர் மறுபடி மூண்டு, அவர் ஊருக்குப் போகும் பாதையைப் பூட்டினார்கள். போன் கிடைப்பது அரிதாயிற்று. திங்கட்கிழமை ஒலிபரப்பு நின்றுபோனது. அண்ணை வேலையை விட்டுவிட்டுப் பேருந்து ஓட்டப் போனார், நான் வேறு பிரிவுக்கு மாறினேன். போர் முடிந்த அந்த ஆண்டின் கோடையில்தான் அப்பா இல்லை என்ற செய்தி வந்தது. எங்கே, எந்த நாள் என்று யாருக்கும் தெரியவில்லை. துக்கம் கேட்கப் போனேன். சிறிய மேசையில் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. மாலை போட ஒரு படம்கூட இல்லை. வீடும் போய், வீட்டில் இருந்த படங்களும் போயிருந்தன. எல்லாரும் என்னென்னவோ சொன்னார்கள்.  தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சென்ற வருடம் அந்தக் கம்பெனி பழைய தொகுப்பை மறுபடி வெளியிடத் தீர்மானித்தது. இப்போது எங்கள் பிரிவுக்கு நான்தான் தலைவி. பெயர்ப் பட்டியலில் பிழை இருந்தால் திருத்தி அனுப்புங்கள், இனி எழுத்துக்குக் கட்டுப்பாடு இல்லை என்று ஜப்பானிலிருந்து கடிதம் வந்தது. படித்ததும் எனக்கு உடம்பே லேசாகிவிட்டது. எத்தனை வருடக் கடன் என்று எண்ணிக்கொண்டு, மதிய இடைவேளையிலேயே அண்ணைக்குப் போன் பண்ணினேன். மான்ட்ரியல் புறநகரான கர்க்லாண்டில் வீடு வாங்கி, ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்தார். மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். பனி எப்படி, முட்டி வலி எப்படி என்று பேசி முடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"அண்ணை, இந்தத் தடவை உங்க பேர் முழுசா வரும். அப்பா பேர் இனிஷியல். சொல்லுங்க, ஸ்பெல்லிங் எழுதிக்கிறேன்."

மறுமுனையில் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தது கேட்டது.

"வேண்டாம் தங்கச்சி. அப்பிடியே கிடக்கட்டும்."

"அப்பாவே திருத்தச் சொன்னாரே அண்ணை. தப்பான பதிவுன்னு."

"ஓம், சொன்னவர். அப்ப அவர் இருந்தவர்."

 அவரே தொடர்ந்தார். "கடை இல்லை. கொப்பியள் இல்லை. கல்லறையெண்டு ஒரு கல்லும் இல்லை. அவற்ற பேர் முழுசா எழுதியிருக்கிற இடம் உலகத்தில உது ஒண்டுதான். எழுத்தில இல்லாதது இல்லையெண்டு அவர்தானே சொன்னவர்? நான் பக்கத்தில நிக்கிறன்தானே. எனக்கு அது காணும், போதும்."

அன்று சாயங்காலமே நான் பட்டியலை அனுப்பினேன். இரண்டு நாளில் ஜப்பானிலிருந்து ஒரு கேள்வி வந்தது. எழுபத்தோராவது வரியில் ஊழியரின் பெயர் சுருக்கப்பட்டு, வேறு பெயர் முழுதாக இருப்பதாக எங்கள் பதிவுகள் காட்டுகின்றன, இது பிழையா? இத்தனை வருடத்தில் ஆயிரக்கணக்கான தடவை அந்தப் பக்கத்திலிருந்து எனக்கு வந்த சொல்லை, முதல்முறையாக இந்தப் பக்கத்திலிருந்து நான் எழுதினேன். ஷியோ. அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

புதிய பதிப்பு இப்போது வட்டில் வருவதில்லை. போன வாரம் என் மகன் அதைத் தன் அறையில் இறக்கி, விளையாடி முடித்து, பட்டியல் ஓடத் தொடங்கியதும் அம்மா பெயர் வருகிறதா பார்க்கலாம் என்று என்னைக் கூப்பிட்டான். கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுத்துக்குக் கட்டுப்பாடு இல்லாததால் மற்றப் பெயர்கள் எல்லாம் நீண்டிருந்தன. அந்த ஒரு வரி மட்டும் பழைய அளவிலேயே கீழிருந்து ஏறி வந்தது. "இது யாரும்மா, இனிஷியலைக் கடைசியில போட்டிருக்காங்க?" என்றான் மகன். அவனுக்குப் பதில் சொல்ல நேரம் இல்லை, நான்கு நொடிதான். நடுவுக்கு வந்ததும் நான் அந்தப் பெயரைச் சத்தமாகப் படித்தேன், கடைசி எழுத்தையும் சேர்த்து.